பழைய ஆர்ம் போர்டைக் குப்பையில் போடும் முன் கர்னலை மாற்றிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்கழிவு பற்றிய செய்திகளில் உடைந்த செல்பேசியும் பழைய டிவியும் தவறாமல் இடம்பெறுகின்றன. ஒரு பழுதும் இல்லாமலே குப்பைக்குப் போகும் கருவிகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. லினக்ஸ் ஓடும் சின்ன ஆர்ம் போர்டுகள் (செல்பேசியில் இருப்பது போன்ற ஆர்ம் சிப் வைத்த சிறு கணினிப் பலகைகள்) அந்த வகை. 2013, 2014-ல் வந்த கியூபிபோர்டு2, கியூபிட்ரக், பனானா பை மூன்றையும் எடுத்துக்கொள்வோம். மூன்றிலும் இருப்பது ஆல்வின்னர் ஏ20 என்ற ஒரே சிப்தான். இரண்டு கார்டெக்ஸ் ஏ7 கோர், 1 ஜிபி ரேம் (கியூபிட்ரக்கில் 2 ஜிபி), ஹார்டு டிஸ்க் மாட்ட நேரடி சாட்டா போர்ட். வீட்டுக்கு ஒரு கோப்பு சர்வர், அலுவலகத்துக்கு ஒரு பிரிண்டர் சர்வர், பள்ளிக்கு ஒரு உள்ளூர் வலைத்தளம் என்று எதற்கும் இன்றும் இது போதும். ஆனாலும் தூக்கிப் போடுகிறார்கள். "அப்டேட் வரவில்லை, புதிய மென்பொருள் ஏறமாட்டேன் என்கிறது" என்பதுதான் சொல்லப்படும் காரணம். கோளாறு போர்டில் இல்லை, அதில் ஓடும் கர்னலில், அதாவது வன்பொருளை இயக்கும் லினக்ஸின் மையப் பகுதியில், இருக்கிறது. அதை மாற்ற முடியும். எப்படி மாற்றுவது, எங்கே சறுக்கும் என்பதை விவரமாக எழுதுகிறோம். வெளியிட்டால் பலருக்கு உதவும்.

முதலில் காரணம். இந்தப் போர்டுகள் வந்தபோது தயாரிப்பாளர் கொடுத்தது 3.4 கர்னல். மூல 3.4 (லினக்ஸ் திட்டமே வெளியிட்டது) வெளியானது 2012 மே மாதம். அதன் நீண்டகாலப் பராமரிப்பு 2016 அக்டோபரில் நின்றது. கர்னலையே உலுக்கிய 'டர்ட்டி கவ்' ஓட்டை வெளியில் தெரிந்ததும் அதே மாதம்தான். அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட எந்த ஓட்டைக்கும் 3.4-க்கு முறையான அடைப்பு கிடையாது. போதாக்குறைக்கு, தயாரிப்பாளர் சேர்த்த டிரைவர்கள் (ஒவ்வொரு வன்பொருளையும் இயக்கும் நிரல்கள்) மூலக் கர்னலின் பரிசோதனைக்குப் போகாமலே வந்தவை. இதே நிறுவனத்தின் எச்3, ஏ83டி, எச்8 சிப்களுக்கான 3.4 கர்னலில், ஒரு குறிப்பிட்ட சொல்லை ஒரு கோப்பில் எழுதினாலே எந்தப் பயனரும் ரூட் (முழு அதிகாரம் உள்ள பயனர்) ஆகிவிடும் வழி திறந்து கிடந்தது 2016-ல் அம்பலமானது. பிழை தேடுவதற்காக வைத்ததை எடுக்க மறந்து அனுப்பியிருக்கிறார்கள். ஆயிரம் கண்கள் பார்க்கும் மூலக் கர்னலுக்குள் இப்படி ஒரு வரி நுழைவது கடினம்.

புதிய மென்பொருள் ஏறாததற்கும் இதுவே காரணம். இன்றைய நிரல்கள் எதிர்பார்க்கும் சிஸ்டம் கால்களில் (நிரல் கர்னலிடம் வேலை கேட்கும் அழைப்புகளில்) பல 3.4-ல் இல்லவே இல்லை. தற்செயல் எண் கேட்க எண்ணற்ற நிரல்கள் பயன்படுத்தும் கெட்ரேண்டம் கால் 3.17-ல்தான் வந்தது. புதிய சிஸ்டம்டி (சேவைகளைத் தொடங்கும் நிரல்), புதிய டெபியன் (லினக்ஸ் தொகுப்பு) எதையும் பழைய கர்னல் மேல் ஏற்றிப் பயனில்லை. பாதியில் நின்றுவிடும்.

ஆர்ம் உலகம் ஏன் இப்படிச் சிதறியது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. பிசியில் பயாஸ் இருக்கிறது, பிசிஐ பஸ் இருக்கிறது. கர்னல் கேட்டால் வன்பொருள் தன் பெயரைச் சொல்லும். ஆர்ம் சிப்பில் எந்த முனையில் என்ன மாட்டியிருக்கிறது என்று யாராவது எழுதிக்கொடுத்தால்தான் கர்னலுக்குத் தெரியும். முன்பு ஒவ்வொரு போர்டுக்கும் தனியாக ஒரு சி மொழிக் கோப்பு எழுதினார்கள். அந்தக் குவியலைக் கண்டு 2011 மார்ச்சில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் வெளிப்படையாகக் கடிந்துகொண்டார். அதன் பிறகுதான் ஆர்ம் முழுவதும் 'டிவைஸ் ட்ரீ' முறைக்கு மாறியது. போர்டின் வரைபடம் கர்னலுக்கு வெளியே, டிடிபி என்ற தனிக் கோப்பில் இருக்கும். ஏ20-இன் 3.4 கர்னல் அந்த வழிக்கு வரவில்லை. 'ஸ்கிரிப்ட்.பின்' என்ற தன் சொந்தக் கோப்பையே படித்தது. அதனால்தான் கர்னலை மட்டும் மாற்றினால் இந்தப் போர்டு எழுந்திருக்காது. பூட்லோடரும் (கர்னலை ஏற்றித் தொடங்கும் நிரல்) வரைபடமும் சேர்ந்து மாற வேண்டும்.

நல்ல செய்தி, மாற்றுவதற்கு எல்லாம் தயாராக இருக்கிறது. லினக்ஸ்-சன்க்ஸி என்ற தன்னார்வலர் கூட்டம் பல ஆண்டு உழைத்து ஏ20-க்கான டிரைவர்களை மெயின்லைன் கர்னலுக்குள், அதாவது மூலக் கர்னலுக்குள், சேர்த்துவிட்டது. டெபியனின் ஆர்ம்எச்எஃப் (32 பிட் ஆர்ம்) பதிப்பு, ஆர்ம் போர்டுகளுக்கான ஆர்ம்பியன் தொகுப்பு இரண்டிலும் இந்தப் போர்டுகளுக்கான கர்னலும் டிடிபியும் கிடைக்கின்றன.

கைவைக்கும் முன் பழைய கார்டை அப்படியே எடுத்து வையுங்கள். புதிய வேலைக்குப் புதிய எஸ்டி கார்டு, 8 ஜிபி இருந்தால் போதும். ஏ20 சிப்பின் உள்ளே இருக்கும் பூட் ரோம் (சிப்பிலேயே பதிந்த தொடக்க நிரல்) முதலில் எஸ்டி கார்டைத்தான் பார்க்கும், போர்டிலேயே உள்ள நேண்ட் நினைவகம் அதற்குப் பிறகுதான். ஆகவே கார்டில் எவ்வளவு தவறு செய்தாலும் போர்டு செத்துப்போகாது. பழைய கார்டைச் செருகினால் பழையபடி எழுந்துவிடும். போலிக் கார்டுகள் சந்தையில் ஏராளம். எஃப்3 என்ற நிரலால் முழுக் கார்டையும் ஒருமுறை எழுதிப் படித்துச் சோதித்துவிடுங்கள். பாதி வழியில் கோப்புகள் கெட்டு, கர்னல்மேல் பழி போடுபவர்கள் பலர்.

பழைய கார்டின் பூட் பகுதியில் இருக்கும் ஸ்கிரிப்ட்.பின் கோப்பை நகலெடுத்து, சன்க்ஸி-டூல்ஸ் தொகுப்பில் உள்ள பின்2ஃபெக்ஸ் நிரலால் படிக்கக்கூடிய ஃபெக்ஸ் கோப்பாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். எந்த விளக்கு எந்த முனையில், எந்த முனை சாட்டாவுக்கு மின்சாரம் திறக்கிறது, திரையின் டைமிங் என்ன என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. பெயர் பெற்ற போர்டுகளுக்கு இது தேவைப்படாமல் போகலாம். பெயர் தெரியாத பெட்டிகளுக்கும் டேப்லெட்டுகளுக்கும் இதைவிட்டால் வேறு ஆவணமே இல்லை.

அடுத்து சீரியல் கன்சோல், அதாவது போர்டு எழுதும் செய்திகளை ஒயர் வழியாக லேப்டாப்பில் படிக்கும் வழி. இது இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. எச்டிஎம்ஐ திரை இருளாக இருந்தால் கர்னல் எழவில்லையா, எழுந்தும் திரை மட்டும் வரவில்லையா என்று எதைக் கொண்டும் சொல்ல முடியாது. சிபி2102 அல்லது சிஎச்340 சிப் உள்ள யூஎஸ்பி-டிடிஎல் அடாப்டர் சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். 3.3 வோல்ட் வகைதானா என்று கேட்டு வாங்குங்கள். 5 வோல்ட் வகை முனையையே எரித்துவிடும். மூன்று ஒயர் போதும்: தரை தரைக்கு, போர்டின் டிஎக்ஸ் (அனுப்பும் முனை) அடாப்டரின் ஆர்எக்ஸுக்கு (பெறும் முனை), போர்டின் ஆர்எக்ஸ் அடாப்டரின் டிஎக்ஸுக்கு. விசிசி (மின்சார) ஒயரைத் தொடாதீர்கள். வேகம் 115200. கன்சோலைப் பார்க்க மினிகாம் நிரலைப் பயன்படுத்தினால் ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோலை அணைக்க மறக்காதீர்கள். அணைக்காவிட்டால் போர்டு எழுதுவதெல்லாம் திரையில் ஓடும், நீங்கள் தட்டுவது ஒன்றும் போகாது.

இன்னொன்று. மின்சாரத்தைப் பிடுங்கிய பிறகும் போர்டின் விளக்கு மங்கலாக எரிந்தால், அடாப்டரின் டிஎக்ஸ் ஒயர் வழியாக மின்சாரம் கசிகிறது என்று பொருள். அந்த நிலையில் சிப் முழுதாக அணையாது, மறுபடி போட்டாலும் சரியாகப் பூட் ஆகாது. அந்த ஒயரை ஒரு நொடி உருவிவிட்டுப் பிறகு மாட்டுங்கள்.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'புதிய கர்னலில் அடிக்கடி தொங்குகிறது' என்று வரும் புகார்களைத் துருவினால் பெரும்பாலும் மெல்லிய மைக்ரோ யூஎஸ்பி கேபிள்தான் நிற்கும். 2.5 அங்குல ஹார்டு டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் அது மட்டுமே 1 ஆம்பியர் வரை இழுக்கும். 5 வோல்ட், 2 ஆம்பியருக்குக் குறையாத அடாப்டர், தடித்த, குட்டையான கேபிள் இரண்டும் இருந்தால் பாதி மர்மம் தீர்ந்துவிடும்.

இப்போது பூட்லோடர். இந்தப் போர்டுகளில் அதன் பெயர் யூ-பூட். பழைய யூ-பூட்டை அப்படியே வைத்துக்கொண்டு புதிய கர்னலை ஏற்றிப் பார்ப்பவர்கள் ஒரு விசித்திரத்தைக் காண்பார்கள். எல்லாம் ஓடும், ஆனால் ஒரே ஒரு கோர்தான் தெரியும். ஏ20-இன் இரண்டாவது கோரை எழுப்பும் வேலையை மெயின்லைன் கர்னல் தானே செய்வதில்லை. பிஎஸ்சிஐ என்ற முறையில் யூ-பூட்டிடம் கேட்கும். தயாரிப்பாளரின் பழைய யூ-பூட்டில் அந்தக் குறிமுறை இல்லை. புதிய யூ-பூட் போட்டால் இரண்டு கோரும் எழும், கூடவே சிப் ஹைப்பர்வைசர் நிலையில் பூட் ஆவதால், 5.6 வரையிலான கர்னல்களில் கேவிஎம்கூட (மெய்நிகர் கணினி ஓட்டும் வசதி) வேலை செய்தது.

டெபியனில் யூ-பூட்-சன்க்ஸி தொகுப்பை நிறுவினால், உங்கள் போர்டின் பெயரிலேயே ஒரு கோப்புறை இருக்கும். அதில் எஸ்பிஎல்லோடு (யூ-பூட்டின் முதல் கட்டத் துண்டு) சேர்ந்த ஒரே பின் கோப்பு. அதை டிடி கட்டளையால் கார்டின் தொடக்கத்திலிருந்து 8 கேபி தள்ளி எழுத வேண்டும். பிளாக் அளவு 1024, சீக் 8. இங்கே இரண்டு எச்சரிக்கை. கார்டைச் செருகுவதற்கு முன்பும் பின்பும் டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையைப் போட்டு, புதிதாக முளைத்த பெயர் எது என்று பார்த்துவிட்டு அதற்கு மட்டும் எழுதுங்கள். ஓர் எழுத்து மாறினால் லேப்டாப்பின் டிஸ்க் போய்விடும். இரண்டாவது, கார்டில் ஜிபிடி பார்ட்டிஷன் அட்டவணை போடாதீர்கள். ஜிபிடி அட்டவணை வழக்கமாகக் கார்டின் முதல் 17 கேபியைப் பிடித்துக்கொள்ளும், ஏ20 தேடும் இடமோ அதன் நடுவே இருக்கும் 8 கேபி. ஒன்று மற்றதை அழிக்கும். பழைய டாஸ் வகை அட்டவணையே போட்டு, முதல் பார்ட்டிஷனை 1 எம்பியிலிருந்து தொடங்குங்கள்.

கட்டளையெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு டெபியன் 12 இன்ஸ்டாலர் இன்னும் எளிய வழி தருகிறது. போர்டின் பெயருள்ள ஃபர்ம்வேர் கோப்பு ஒன்று, எல்லாப் போர்டுக்கும் பொதுவான பார்ட்டிஷன் கோப்பு ஒன்று. இரண்டையும் விரித்து, ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக் கார்டில் எழுதினால் அதுவே இன்ஸ்டாலர் கார்டு.

கர்னலுக்கு வருவோம். கர்னல் என்பது ஒரு கோப்பு என்று நினைப்பதுதான் முதல் தவறு. ஸீஇமேஜ் (கர்னலின் உடல்), டிடிபி, மாட்யூல் (தேவைப்படும்போது ஏறும் டிரைவர்) கோப்புறை, இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் மட்டும் பயன்படும் சின்னக் கோப்பு அமைப்பு) நான்கும் ஒரே பதிப்பில், ஒரே கட்டில் வர வேண்டும். ஸீஇமேஜை மட்டும் மாற்றினால் மாட்யூல்கள் பொருந்தாது. வைஃபையும் யூஎஸ்பி சவுண்டும் காணாமல் போகும். டிடிபியை மாற்றாமல் விட்டால் வரும் கேடு இன்னும் நுட்பமானது, அதைக் கீழே சொல்கிறோம்.

டெபியன், ஆர்ம்பியன் கர்னலே போதும் என்றால் இந்த நான்கையும் தொகுப்பு மேலாளர் சேர்த்தே மாற்றிவிடும். மூல நிரலிலிருந்து நீங்களே கம்பைல் செய்வதானால் அந்தப் போர்டிலேயே செய்யாதீர்கள், பல மணி நேரம் ஓடும். லேப்டாப்பில் ஆர்ம்எச்எஃப் கிராஸ் கம்பைலரை (வேறு சிப்புக்காகக் கம்பைல் செய்யும் கருவி) நிறுவிச் செய்யுங்கள். 3.4-இன் பழைய கான்ஃபிக் (விருப்பங்களின் பட்டியல்) கோப்பை எடுத்துவந்து புதிய கர்னலில் போடுவது பெரிய பிழை. பாதி விருப்பங்களின் பெயரே மாறிவிட்டது. மூலத்திலேயே உள்ள சன்க்ஸி டெஃப்கான்ஃபிக்கிலிருந்து (ஆயத்த கான்ஃபிக்) தொடங்கி, வேண்டியதை மட்டும் சேருங்கள். ஹைமெம் விருப்பம் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் 32 பிட் கர்னலின் வழக்கமான அமைப்பில் 1 ஜிபியில் சுமார் 760 எம்பிதான் கணக்கில் வரும். மாட்யூல்களை நிறுவும்போது ஸ்டிரிப் (பிழை தேடும் குறிப்புகளை நீக்கும்) விருப்பத்தைக் கொடுத்தால் கோப்புறையின் அளவு பல மடங்கு குறையும். சொந்த ஸ்கிரிப்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2023-ல் வந்த 6.5 முதல் ஆர்ம் டிடிபி கோப்புகள் நிறுவனவாரியான உட்கோப்புறைகளுக்கு மாறிவிட்டன. ஏ20-க்கானவை ஆல்வின்னர் கோப்புறையில் இருக்கும். பழைய இடத்தில் தேடும் ஸ்கிரிப்ட், முன்பு கம்பைல் செய்த பழைய டிடிபி அங்கே கிடந்தால், சத்தமில்லாமல் அதையே எடுத்துவைக்கும்.

பூட் செய்ய எக்ஸ்ட்லினக்ஸ் கான்ஃப் கோப்பு முறையைப் பரிந்துரைக்கிறோம். கர்னல், இனிட்ஆர்டி (இனிட்ராம்எஃப்எஸ்), எஃப்டிடி (டிடிபி), அப்பெண்ட் (கர்னலுக்குச் சொல்லும் விருப்பங்கள்) என்று நான்கு வரி, யார் படித்தாலும் புரியும். அதிலேயே வேலை செய்யும் பழைய பதிப்புக்கு இரண்டாவது பத்தி ஒன்றை எப்போதும் விட்டு வையுங்கள். புதியது எழாவிட்டால் சீரியல் கன்சோலில் எண் 2-ஐத் தட்டினால் போதும்.

அப்பெண்ட் வரியில் ரூட் பார்ட்டிஷனை (லினக்ஸ் கோப்புகள் இருக்கும் பகுதியை) எம்எம்சிபிளாக்0 என்று பெயர் சொல்லி எழுதாதீர்கள். 5.10 முதல் எம்எம்சி (எஸ்டி கார்டு வகை நினைவகம்) டிரைவர்கள் ஒன்றுக்கொன்று காத்திராமல் எழுகின்றன. இரண்டு எம்எம்சி உள்ள போர்டில் நேற்று 0 ஆக இருந்தது இன்று 1 ஆக வரலாம். மாறாத அடையாள எண்ணை எழுதுங்கள்: இனிட்ராம்எஃப்எஸ் இருந்தால் கோப்பு அமைப்பின் யூயூஐடி, இல்லாவிட்டால் பார்ட்டிஷனின் பார்ட்யூயூஐடி.

'ஸ்டார்ட்டிங் கர்னல்' என்ற வரியோடு கன்சோல் நின்றுபோவது எல்லாரையும் மிரட்டும் இடம். பதறாதீர்கள். பெரும்பாலும் மூன்றில் ஒன்று. கன்சோல் பெயர் தவறு: ஏ20-ல் டிடிஒய்எஸ்0. டெக்சாஸ் சிப் உள்ள பீகிள்போனில் பழைய கர்னல் டிடிஒய்ஓ0 என்றது, இப்போது டிடிஒய்எஸ்0 என்கிறது. அல்லது வேறு போர்டின் டிடிபி ஏறியிருக்கிறது. அல்லது நினைவகத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிட்டது. சன்க்ஸி யூ-பூட்டில் கர்னல் ஏறும் இடத்துக்கும் டிடிபி ஏறும் இடத்துக்கும் நடுவே இருப்பது 16 எம்பிதான். வேண்டாத டிரைவர்களையெல்லாம் உள்ளே சேர்த்துக் கொழுத்த கர்னல் விரியும்போது டிடிபியை மிதித்துவிடும். டிரைவர்களை மாட்யூலாக வெளியே தள்ளுங்கள், அல்லது டிடிபியை மேலே ஏற்றுங்கள். எர்லிகான் விருப்பத்தை அப்பெண்ட் வரியில் சேர்த்தால் எங்கே நின்றது என்பதைக் கர்னலே சொல்லிவிடும்.

டிடிபியைப் பற்றிச் சொன்னோமே, அதற்கு ஈதர்நெட்டைவிட நல்ல உதாரணம் இல்லை. பனானா பையிலும் கியூபிட்ரக்கிலும் கிகாபிட் ஈதர்நெட்டுக்கு ரியல்டெக் 8211இ என்ற ஃபை சிப் (கேபிளோடு நேரடியாகப் பேசும் சிப்) இருக்கிறது. 2020 இறுதியில் கர்னலைப் புதுப்பித்த பலருக்கு நெட்வொர்க் நின்றது. கேபிள் விளக்கு எரிகிறது, நெட்வொர்க் நிலையைக் காட்டும் ஈத்டூலைக் கேட்டால் 1000 மெகாபிட், ஃபுல் டூப்ளெக்ஸ் என்கிறது. ஆனால் ஐபி முகவரி வரவில்லை, ஒரு பாக்கெட்டும் போகவில்லை.

நடந்தது இதுதான். சிப்புக்கும் ஃபைக்கும் நடுவே ஆர்ஜிஎம்ஐஐ என்ற இணைப்பு. கடிகாரம் 125 மெகாஹெர்ட்ஸ், ஒரு சுற்றுக்கு 8 நானோவினாடி, ஏறும்போது ஒரு தரவு, இறங்கும்போது ஒரு தரவு. ஆக ஒவ்வொரு தரவுக்கும் 4 நானோவினாடி. அதன் நட்ட நடுவில் படிக்க வேண்டுமானால் கடிகாரத்தை ஏறக்குறைய 2 நானோவினாடி தாமதப்படுத்த வேண்டும். அந்தத் தாமதத்தை யார் தருவது என்பதை டிடிபியில் உள்ள ஃபை-மோடு வரி சொல்கிறது. ஆர்ஜிஎம்ஐஐ என்று மட்டும் எழுதினால் 'ஃபை தாமதம் தர வேண்டாம்' என்று பொருள். பின்னால் ஐடி சேர்த்து எழுதினால் 'போக, வர இரண்டிலும் ஃபையே தரட்டும்'. இந்தப் போர்டுகளின் டிடிபியில் ஐடி இல்லாமலே எழுதியிருந்தது. தவறு அது. ஆனால் ரியல்டெக் டிரைவரிலும் ஒரு பிழை இருந்தது. டிடிபி சொன்னதை அது சரியாக ஃபையில் எழுதவில்லை. போர்டில் உள்ள ரெசிஸ்டர்கள் வைத்த தாமதமே நீடித்தது, நெட்வொர்க் ஓடியது. 2020-ல் டிரைவரைத் திருத்தினார்கள். திருத்திய டிரைவர் டிடிபி சொன்னபடி தாமதத்தை அணைத்தது. நெட்வொர்க் செத்தது. நீண்டகாலப் பராமரிப்புக் கர்னல்களுக்கும் அந்தத் திருத்தம் போனதால் 'சின்ன அப்டேட்' போட்டவர்களும் மாட்டிக்கொண்டார்கள். பிறகு போர்டு போர்டாக டிடிபியில் ஐடி சேர்த்தார்கள்.

இதே நோயா என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை: ஈத்டூலால் வேகத்தை 100-க்கு இறக்குங்கள். அங்கே கடிகாரம் 25 மெகாஹெர்ட்ஸ்தான், தாமதம் அவ்வளவு முக்கியமில்லை. நெட்வொர்க் உயிர் பெற்றால் நோய் இதுதான். புதிய டிடிபியைப் போடுங்கள். உங்கள் போர்டுக்கு இன்னும் திருத்தப்படவில்லை என்றால், டிடிசி நிரலால் டிடிபியை உரையாக மாற்றி, ஃபை-மோடு வரியில் ஐடி சேர்த்து, மறுபடி டிடிபியாக்கினால் தீர்ந்தது. கர்னலைக் கம்பைல் செய்யவே வேண்டாம். பனானா பைக்கு யூ-பூட்டிலும் ஒரு தாமத மதிப்பு இருக்கிறது, 3 என்று. வேறு போர்டின் யூ-பூட்டை எடுத்துப்போடுபவர்கள் அதையும் இழப்பார்கள்.

நெட்வொர்க் வரவில்லை என்றதும் டிரைவரைத் தேடும் முன் ஒன்றைப் பாருங்கள்: இடைமுகத்தின் பெயர். டெபியன் 12-ல் உள்ள சிஸ்டம்டி, டிவைஸ் ட்ரீயில் மாற்றுப்பெயர் உள்ள ஈதர்நெட்டை எண்ட்0 என்று அழைக்கும். உங்கள் அமைப்புக் கோப்பில் ஈத்0 என்றிருந்தால் அது காத்துக்கொண்டே கிடக்கும்.

யூஎஸ்பி வைஃபை குச்சிகள் தனித் தலைவலி. ரியல்டெக் 8188இயூ சிப்புக்கு நெடுநாள் ஸ்டேஜிங்கில் (கர்னலின் தற்காலிகப் பிரிவில்) இருந்த டிரைவர் 2023-ல் நீக்கப்பட்டது. அந்தச் சிப்பை இப்போது ஆர்டிஎல்8எக்ஸ்எக்ஸ்எக்ஸ்யூ டிரைவர் பார்த்துக்கொள்கிறது. இணையத்தில் கிடைக்கும் வெளி டிரைவர்களைக் கம்பைல் செய்து போட்டால், அடுத்த கர்னலில் மறுபடி அதே வேலை, பல நேரம் கம்பைலே ஆகாது. கர்னலுக்குள் டிரைவர் உள்ள குச்சியாகப் பார்த்து வாங்குவதே நேரத்தை மிச்சப்படுத்தும். குச்சிக்குள் ஏற்றும் ஃபர்ம்வேர் கோப்பு டெபியன் 12 முதல் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்ற தனிப் பிரிவில் இருக்கிறது, அதை ஆப்ட் (தொகுப்பு மேலாளர்) பட்டியலில் சேர்க்க மறந்தால் டிரைவர் இருந்தும் வைஃபை எழாது.

புதுப்பித்தால் பாதுகாப்பு மட்டும்தான் கூடும் என்று நினைப்பவர்களுக்கு சாட்டா கதையைச் சொல்ல வேண்டும். ஏ20-இன் சாட்டாவில் எழுதும் வேகம் வினாடிக்கு 36 முதல் 45 எம்பிக்கு மேல் போகாது என்றும், அது சிப்பின் குறை என்றும் ஆண்டுக்கணக்கில் நம்பப்பட்டது. 2019-ல் ஒருவர் டிரைவரில் ஒரு ரெஜிஸ்டரின் மதிப்பை, டிஎம்ஏ ஒரு தடவைக்கு அனுப்பும் அளவை, 0-லிருந்து 3 ஆக்கினார். எழுதும் வேகம் 120 எம்பியைத் தாண்டியது. படிக்கும் வேகம் 200-க்கு மேல். சில வரி மாற்றம், மூன்று மடங்கு வேகம். 3.4-இலேயே தங்கிவிட்டவர்களின் கையில் இருப்பது இன்றும் பழைய வேகம்தான்.

எல்லாம் கிடைத்துவிடும் என்று சொல்ல மாட்டோம். திரை வரைகலைக்கு 2019-ல் 5.2 கர்னலில் லீமா டிரைவர் வந்தது. மெசா வரைகலை நூலகத்தின் 19.1 முதல் ஏ20-இன் மாலி 400 வரைகலைப் பகுதி திறந்த மூலத்தில் ஓடுகிறது, ஆனால் ஓப்பன்ஜிஎல் இஎஸ் 2.0 வரைதான். வன்பொருள் வழி வீடியோவுக்கு செட்ரஸ் டிரைவர் இருக்கிறது, அதைப் பயன்படுத்தும் பிளேயரை அமைப்பது எளிதல்ல. உங்கள் போர்டு டிவியில் படம் ஓட்ட மட்டும் பயன்படுகிறது, 3.4-ல் நன்றாக ஓடுகிறது என்றால், அதை அப்படியே விட்டு இணையத்திலிருந்து துண்டித்துவிடுங்கள் என்பதே எங்கள் யோசனை. போர்டில் உள்ள நேண்ட் நினைவகத்தையும் மறந்துவிடுங்கள். பழைய கர்னல் அதில் எழுதிய பார்ட்டிஷன்களை மெயின்லைன் படிக்காது. எஸ்டி கார்டில் பூட் செய்து, ரூட்டை சாட்டா டிஸ்க்கில் வைப்பதே நிலையான அமைப்பு. விளக்கு, ரிலே என்று முனைகளை இயக்குபவர்கள் பழைய எண்களை நம்பக்கூடாது. பனானா பையின் பச்சை விளக்கு பிஎச்24. எச் என்பது எட்டாவது வரிசை, அதாவது 7 பெருக்கல் 32, கூட்டல் 24, ஆக 248. 3.4-ல் ஃபெக்ஸ் கோப்பின் வரிசைப்படி வேறு எண் இருந்திருக்கும். முனைகளை இயக்கும் புதிய நூலகமான லிப்ஜிபிஐஓடி வழிக்கு இப்போதே மாறிவிடுவது நல்லது.

எந்தப் போர்டுக்கு இந்த உழைப்பு தகும்? ஏ20 போன்ற ஏஆர்எம்வி7 தலைமுறைச் சிப்களுக்குத் தகும். 5.6 முதல் 32 பிட் கர்னல், பழைய 32 பிட் நேரக் கணக்கு தீர்ந்துபோகும் 2038 ஜனவரி 19-ஐத் தாண்டவும் தயாராகிவிட்டது, டெபியன் 13-உம் ஆர்ம்எச்எஃப்பில் நேரக் கணக்கை 64 பிட்டுக்கு மாற்றிவிட்டது. அதைவிடப் பழைய ஏஆர்எம்வி5 பெட்டிகளின் வழி குறுகுகிறது. கர்னலுக்கு 2 எம்பி ஃப்ளாஷ் மட்டும் ஒதுக்கிய சேமிப்புப் பெட்டிகளில் இன்றைய கர்னல் நுழையாது. டெபியனில் இவற்றுக்கான ஆர்மெல் பதிப்பு 13-ஓடு முடிகிறது. 2023 ஏப்ரலில் வந்த 6.3 கர்னலில், பயன்படுத்துவோர் இல்லையென்று கருதப்பட்ட பழைய போர்டு கோப்புகள் பெரும் எண்ணிக்கையில் நீக்கப்பட்டன. உங்கள் போர்டு அந்தப் பட்டியலில் இருந்தால், அதற்கு முந்தைய நீண்டகாலக் கர்னலில் நின்றுகொள்ளுங்கள். பூட்லோடர் பூட்டிய செல்பேசிகளைப் பற்றி இங்கே பேசவில்லை, அங்கே திறவுகோல் தயாரிப்பாளர் கையில்.

கடைசியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் நாளிதழில் புதிய போர்டு, டிவி பெட்டி, நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி எதை அறிமுகப்படுத்தினாலும் கோரும் ரேமும் விலையும் மட்டும் போடாதீர்கள். பெட்டியைத் திறந்ததும் யூநேம் கட்டளை காட்டும் கர்னல் எண் எது, அந்தப் போர்டின் டிடிபி மெயின்லைன் கர்னலில் இருக்கிறதா, மெயின்லைன் யூ-பூட்டில் அதன் பெயர் இருக்கிறதா என்ற மூன்றையும் சேர்த்து அச்சிடுங்கள். பள்ளிக்கும் ஊராட்சிக்கும் மொத்தமாக வாங்குபவர்கள் ஒப்பந்தப்புள்ளியில் கேட்க வேண்டியதும் இதே மூன்றுதான். சிலர் இப்போதும் 4.9 கர்னலோடு புதிய பெட்டி விற்கிறார்கள். அதன் பராமரிப்பு 2023 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது.

இப்படிக்கு,
பழைய லினக்ஸ் போர்டுகளைப் பராமரிப்போர் சிலர்,
கோயம்புத்தூர்